மின்சாரம் போகாத காந்தம்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கினேன். கோன் கிழிந்து, கம்பி அறுந்து, இனி பாட்டுக்கு உதவாது என்ற நிலையில் இருந்தது. எனக்கு வேண்டியது அதன் முதுகில் ஒட்டியிருக்கும் கருப்பு வளையம். வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலும் கீழும் இருந்த இரும்புத் தகடுகளை நெம்பி வளையத்தைத் தனியாக எடுத்தபோது ஓரத்தில் ஒரு சில்லு உடைந்து விழுந்தது. இரும்பு அப்படி உடையாது, வளையும். இது பானை ஓடு மாதிரி டக்கென்று விண்டது. உடைந்த இடம் சொரசொரப்பாக, மங்கலான கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது.

அப்புறம் மல்டிமீட்டரை 2000 கிலோ ஓம் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் வளையத்தின் மேல் அழுத்தினேன். திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது. மீட்டரின் எல்லைக்குள் அடங்காத அளவுக்குத் தடை பெரிது என்று அதற்குப் பொருள். பக்கத்தில் கிடந்த ஆணியில் வைத்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது. ஆணி வழியாக மின்சாரம் போகிறது. அந்த ஆணியையே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் காந்தத்தின் வழியாகப் போகவில்லை.

காந்தம் என்றால் இரும்பு, இரும்பு என்றால் மின்சாரம் கடத்தும் என்று பள்ளியில் படித்த கணக்கு இங்கே தவறுகிறது. இந்த வளையம் உலோகமே இல்லை, சுட்டெடுத்த செராமிக். இதற்கு அறுகோண ஃபெரைட் என்று பெயர். ஸ்பீக்கர், கார் வைப்பர் மோட்டார், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டை, ஏடிஎம் கார்டின் கருப்புக் கோடு என்று நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. இதில் வேறொரு தனிமத்தைச் சிறிதளவு சேர்த்தால் உள்ளே என்ன நடக்கிறது, மின்சாரம் கடக்கும் விதம் ஏன் மாறுகிறது என்பதை முதல்முறையாகப் படிப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. முதுநிலை இயற்பியல் புராஜெக்டுக்காக இந்தக் கருப்பு வில்லைகளோடு ஓர் ஆண்டு கழித்தவன் நான். அன்று எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் இது எதனால் ஆனது என்று பார்ப்போம். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது பேரியம் ஹெக்சாஃபெரைட். அதன் ஒரு மூலக்கூறு வாய்பாட்டில் ஒரு பேரியம், 12 இரும்பு, 19 ஆக்சிஜன். பேரியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம் வைத்தால் ஸ்ட்ரான்சியம் ஹெக்சாஃபெரைட். இன்று கடைக்கு வரும் ஸ்பீக்கர் வளையங்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவதுதான். இவற்றை எம் வகை என்பார்கள். டபிள்யூ, ஒய், இசட் என்று வேறு வகைகளும் உண்டு. எம் வகை புரிந்துவிட்டால் மற்றவை கடினமில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூலப்பொருள் இரும்பு ஆக்சைடு என்ற சிவப்புப் பொடி. கிட்டத்தட்ட துருவின் உடன்பிறப்பு. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டின் கொண்டி எதுவும் தப்பாது. நியோடிமியம் காந்தங்களுக்கும் அதே கதிதான். நிக்கல் பூச்சு உரிந்தால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஃபெரைட் காந்தம் அந்தக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்தாலும் அசையாது. அதிலுள்ள இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர வேண்டிய அளவு சேர்ந்து முடித்துவிட்டது. துருப்பிடிக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை.

இந்த அமைப்பு இயற்கையிலேயே உண்டு. சுவீடனின் லாங்பான் சுரங்கத்தில் கிடைத்த மேக்னெட்டோபிளம்பைட் என்ற கனிமத்தை 1925-ல் விவரித்தார்கள். அதில் பேரியத்தின் இடத்தில் ஈயம் இருக்கும். 1938-ல் அதன் அணு அடுக்கு தெரியவந்தது. 1952-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தினர் பேரியம் ஃபெரைட்டை நிரந்தரக் காந்தமாக அறிவித்தார்கள். அதற்கு முன் நல்ல காந்தம் வேண்டுமானால் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அல்னிகோ வேண்டும், இரண்டுமே விலை கூடிய உலோகங்கள். துருப்பொடியும் பேரியம் கார்பனேட்டும் போதும் என்றானதும் காந்தம் ஏழை வீட்டு ரேடியோவுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு இந்தப் பொருளின் மேல் உள்ள மரியாதைக்கு முதல் காரணம் அதுதான்.

இனி அமைப்பு. இதற்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று புள்ளி வைப்பதில் இரண்டு விதம். நேர்ப்புள்ளியில் வரிசைக்கு நேர் கீழே வரிசை. ஊடுபுள்ளியில் மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கீழ்வரிசைப் புள்ளி விழும். 15 புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-ல் நிறுத்துங்கள். வாசலில் சரியான அறுகோணம் ஒன்று நிற்கும். உள்ளே எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு புள்ளிகள். அறுகோண ஃபெரைட்டில் ஆக்சிஜன் அயனிகள் இருப்பது அப்படித்தான்.

இப்போது அந்தக் கோலத்தின் மேல் இன்னொரு ஊடுபுள்ளிக் கோலத்தை, கீழ்ப்புள்ளிகளுக்கு இடையிலான பள்ளங்களில் மேல்புள்ளிகள் உட்காரும்படி அடுக்குங்கள். அதன்மேல் இன்னொன்று. இப்படிப் பத்து அடுக்கு வைத்தால் பேரியம் ஃபெரைட்டின் ஓர் அலகுக்கூடு முடிந்துவிடும். அப்புறம் அதே பத்து திரும்பத் திரும்ப வரும். ஒரு கூட்டின் பங்குக்கு ஓர் அடுக்கில் நான்கு இடங்கள், பத்து அடுக்குக்கு நாற்பது. பத்தில் இரண்டு அடுக்குகளில் மட்டும் ஓர் ஆக்சிஜனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் பேரியம் உட்கார்ந்துகொள்கிறது. பேரியம் அயனி பருமனில் ஆக்சிஜனுக்கு ஈடாக இருப்பதால் அது முடிகிறது. ஆகவே 38 ஆக்சிஜன், 2 பேரியம். இரும்பு 24. மொத்தம் 64 அயனிகள். வாய்பாட்டை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

இந்தக் கூட்டின் அகலம் 5.89 ஆங்ஸ்ட்ராம், உயரம் 23.2 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். அகலத்தைப் போல நான்கு மடங்கு உயரம், ஒல்லியான அறுகோணத் தூண். காந்தம் அந்தத் தூணின் நெட்டுக்குத்துத் திசையிலேயே நிற்க விரும்புகிறது, வேறு பக்கம் திருப்புவது கடினம். நிரந்தரக் காந்தமாக இருப்பதற்கு இந்தப் பிடிவாதம்தான் மூலதனம். பழைய ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக ஒரு கருப்புக் குச்சி இருக்குமே, அதுவும் ஃபெரைட்தான். ஆனால் அதன் படிகம் கனசதுரம். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் காந்தம் லேசாகத் திரும்பிவிடும், அதனால் அதை வைத்து ஸ்பீக்கர் செய்ய முடியாது.

இரும்பு எங்கே இருக்கிறது? ஆக்சிஜன் பந்துகளுக்கு இடையிலான சின்னச் சின்னச் சந்துகளில். இரும்பு அயனி ஆக்சிஜனைவிட மிகச் சிறியது. சில சந்துகளைச் சுற்றி ஆறு ஆக்சிஜன், சிலவற்றைச் சுற்றி நான்கு. பேரியம் இருக்கும் அடுக்கில் மட்டும் ஒரு விநோதமான சந்து உண்டு. அங்கே பக்கவாட்டில் மூன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஐந்து ஆக்சிஜன். மேற்சொன்ன நெட்டுக்குத்துப் பிடிவாதத்தில் பெரும்பங்கு இந்த ஐந்து ஆக்சிஜன் இரும்பால் வருகிறது. ஆறு ஆக்சிஜன் சந்துகளிலேயே மூன்று தினுசு. ஆக மொத்தம் ஐந்து வகை இருக்கைகள்.

ஒவ்வோர் இரும்பு அயனியும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் காந்தம் பிரமாதமாக இருக்கும், ஆனால் அப்படி நிற்பதில்லை. பொங்கலுக்குத் தெருவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 12 பேர். எட்டுப் பேர் இந்தப் பக்கம் இழுக்கிறார்கள், நாலு பேர் எதிர்ப்பக்கம். நிகரமாக நாலு பேர் பலம். அணுவின் காந்தத்தை அளக்கும் அலகுக்குப் போர் மேக்னெட்டான் என்று பெயர். ஓர் இரும்பு அயனிக்கு அது 5 என்ற கணக்கில், மிகக் குறைந்த வெப்பநிலையில் ஒரு வாய்பாட்டுக்கு 20. எதிரெதிராக இழுத்தும் ஒரு பக்கம் மிஞ்சும் இந்த விதத்துக்கு ஃபெர்ரி காந்தத்தன்மை என்று பெயர் கொடுத்து 1948-ல் விளக்கியவர் பிரான்ஸின் லூயி நீல். 1970-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இந்த ஒழுங்கு கலைந்துவிடும்.

இந்தக் கயிறு இழுப்புப் படம் மனதில் நின்றுவிட்டால், வேறொரு தனிமத்தைச் சிறிதளவு சேர்க்கும் டோப்பிங் பாதி புரிந்த மாதிரி. பாடப்புத்தகம் அதை மாசூட்டல் என்கிறது. குறைக்கடத்தி பாடத்திலிருந்து வந்த சொல். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு மனக்குறை உண்டு. மாசு என்றால் வேண்டாமல் வந்து சேர்வது. இங்கே நடப்பது அளந்து, எடை போட்டு, வேண்டுமென்றே ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்கார வைப்பது. ஆகவே நான் சேர்மானம் என்றே சொல்கிறேன்.

எட்டுப் பேர் பக்கத்தில் ஒருவரை எடுத்துவிட்டு, கயிறு இழுக்கவே தெரியாத ஒருவரை நிறுத்துங்கள். ஏழுக்கு நாலு, நிகரம் மூன்று. 20 என்பது 15 ஆகிவிடும். அதே ஆளை நாலு பேர் பக்கம் நிறுத்தினால் எட்டுக்கு மூன்று, நிகரம் ஐந்து. 20 என்பது 25. சேர்த்தது ஒரே ஆள்தான், நிறுத்திய பக்கம் வேறு. அலுமினியம் காந்தம் இல்லாத அயனி. அது பெரும்பாலும் எட்டுப் பேர் பக்கம் போய் உட்காரும், ஆகவே மொத்தக் காந்தம் குறையும். ஆனாலும் அதைச் சேர்க்கிறார்கள், ஏனென்றால் காந்தத்தைத் திருப்புவது இன்னும் கடினமாகிறது. துத்தநாகமும் காந்தம் இல்லாததுதான். அதற்கு நான்கு ஆக்சிஜன் சந்து பிடிக்கும், அந்தச் சந்தில் இருப்பவர்கள் எதிர்ப்பக்கம் இழுப்பவர்கள். அதனால் துத்தநாகத்தை அளவோடு, மின்சுமையைச் சரிக்கட்ட லாந்தனத்தோடு ஜோடியாகச் சேர்த்தால் காந்தம் கூடுகிறது. அளவு மீறினால் அயனிகளுக்கு இடையே உள்ள பிணைப்பே தளர்ந்து எல்லாம் குறையும்.

மின்சுமை என்று சொன்னேன் அல்லவா, அதை இப்போது பார்த்தாக வேண்டும், ஏனென்றால் மின்பண்புக்கான சாவி அங்கேதான் இருக்கிறது. ஒரு படிகத்துக்குள் கூட்டலும் கழித்தலும் சரியாக இருக்க வேண்டும். பேரியத்துக்கு +2. ஒவ்வோர் இரும்புக்கும் +3, பன்னிரண்டுக்கு 36. மொத்தம் 38. ஆக்சிஜன் 19, ஒவ்வொன்றும் −2, அதுவும் 38. கணக்கு நேர். இப்போது பேரியத்தை எடுத்துவிட்டு +3 உள்ள லாந்தனத்தை வைத்தால் ஒன்று கூடிவிடுகிறது. படிகம் என்ன செய்யும்? எங்கோ ஓர் இரும்பு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு +3-லிருந்து +2 ஆகும். இந்த +2 இரும்புதான் மின்சாரத்துக்கு வழிவிடும் ஆசாமி.

வீடு கட்டும் இடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் நகர்வதில்லை, செங்கல் நகரும். கையில் கல் உள்ளவருக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு ஒருவர் இருந்தால்தான் கல் நகரும். எல்லோரும் வெறுங்கை என்றால் நகர்த்த எதுவும் இல்லை. +2 இரும்பு கையில் கல் உள்ளவர், +3 இரும்பு வெறுங்கை. எலக்ட்ரான்தான் கல். ஆறு ஆக்சிஜன் சந்துகளில் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரும்புகளுக்கு இடையே இந்தக் கைமாற்றம் நடக்கிறது. இதைத் தாவல் கடத்தல் என்று சொல்லலாம். உலோகத்தில் எலக்ட்ரான் சுதந்திரமாக ஓடுவதைப் போன்றது இல்லை இது.

சுத்தமான, நன்றாகச் சுட்ட ஃபெரைட்டில் +2 இரும்பு மிகவும் குறைவு. அதனால்தான் என் மல்டிமீட்டர் 1 காட்டியது. எண்களில் சொன்னால், இரும்பின் மின்தடை எண் சுமார் கோடியில் ஒரு பங்கு ஓம் மீட்டர். ஃபெரைட் காந்தங்களில் அது 10,000 ஓம் மீட்டரையும் தாண்டும். வித்தியாசம் பத்தாயிரம் கோடி மடங்குக்கு மேல். இது வெறும் வேடிக்கை இல்லை. வேகமாக மாறும் காந்தப்புலத்தில் உலோகத்தை வைத்தால் உள்ளே சுழல் மின்னோட்டம் எழுந்து சூடாகி ஆற்றல் வீணாகும். ஃபெரைட்டில் அந்த ஓட்டத்துக்கு வழியே இல்லை. அதனால்தான் மைக்ரோவேவ் அதிர்வெண்களிலும் இது வேலை செய்கிறது. பேரியம் ஃபெரைட்டின் சொந்தக் காந்த ஒத்ததிர்வு வெளிப்புலம் இல்லாமலே ஏறக்குறைய 50 கிகா ஹெர்ட்ஸ் அருகே வரும். அலுமினியம் அதை மேலே தள்ளும், கோபால்ட்-டைட்டானியம் ஜோடி கீழே இழுக்கும்.

அந்த ஜோடியைக் கவனியுங்கள். கோபால்ட் +2, டைட்டானியம் +4. இரண்டும் சேர்ந்து ஆறு. எழுப்பிவிட்ட இரண்டு +3 இரும்புகளும் சேர்ந்து ஆறு. கணக்கு நேராகிவிட்டதால் புதிதாக +2 இரும்பு பிறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டைட்டானியத்தை மட்டும் தனியாகச் சேர்த்தால் பிறக்கும், மின்தடை சரியும். ஒரு சேர்மானத்தைப் பார்த்ததும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான். இதைப் போடாமல் வரைபடத்தைப் பார்த்தால் தடை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆய்வுக் கட்டுரைகளில் சேர்மானத்தின் அளவை எக்ஸ் = 0.2 என்று எழுதியிருப்பார்கள். புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பேரியத்தின் இடத்தில் 0.2 என்றால் இருக்கும் ஒன்றில் 0.2, அதாவது 20 சதவீதம். இரும்பின் இடத்தில் 0.2 என்றால் பன்னிரண்டில் 0.2, வெறும் 1.7 சதவீதம். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது.

இனி செய்முறை. இதில் வில்லியனூர் சுடுமண் கலைஞர்களுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பெரிய தூரம் இல்லை. நூறு கிராம் கலவைக்குச் சுமார் 17 கிராம் பேரியம் கார்பனேட், 83 கிராம் இரும்பு ஆக்சைடு. அகேட் என்ற கடினக் கல்லாலான கல்வத்தில் மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் முதல் சூடு கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சிவப்புப் பொடி கருத்துவிடும். அந்த நிற மாற்றத்தை முதல்முறை பார்த்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுபடி அரைத்து, பசைக்குச் சில துளி பாலிவினைல் ஆல்கஹால் கலந்து, அச்சில் அழுத்தி வில்லையாக்கி, 1200 டிகிரி பக்கத்தில் சுட வேண்டும். பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வில்லை சுருங்கி இறுகும்.

என் முதல் ஆறு வில்லைகளும் வெடித்தன. ஃபர்னஸைக் கிடுகிடுவென்று ஏற்றிவிட்டேன். உள்ளே இருந்த பசை எரிந்து ஆவியாக வெளியே வர நேரம் கிடைக்கவில்லை. மண்பானையை ஈரத்தோடு சூளையில் வைத்தால் என்ன ஆகுமோ அதேதான். மெதுவாக ஏற்றி, 500 டிகிரி அருகே ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு மேலே போன அடுத்த தடவை எல்லாம் முழுதாக வந்தன.

வந்தது நிஜமாகவே அறுகோண ஃபெரைட்தானா என்று எக்ஸ் கதிரை வைத்துப் பார்ப்பார்கள். வழக்கமான தாமிரக் குழாய்க் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். அணு அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்துச் சில கோணங்களில் மட்டும் கதிர் வலுவாகத் திரும்பும். பேரியம் ஃபெரைட்டில் இரண்டு பெரிய முகடுகள், சுமார் 32.2 டிகிரியிலும் 34.1 டிகிரியிலும். இரண்டுக்கும் நடுவே 33.2 அருகே ஒரு முகடு தலைகாட்டினால், வினைபுரியாத இரும்பு ஆக்சைடு மிச்சம் இருக்கிறது. இன்னும் அரைக்க வேண்டும், அல்லது இன்னும் சுட வேண்டும். சேர்மானம் உள்ளே போனதா என்பதையும் இதே முகடுகள் சொல்லும். பேரியத்தைவிடச் சிறிய ஸ்ட்ரான்சியமோ, இரும்பைவிடச் சிறிய அலுமினியமோ உள்ளே போனால் கூடு சற்றுச் சுருங்கும், முகடுகள் வலப்பக்கம் நகரும். நகராமல் புதிய முகடு மட்டும் முளைத்தால், சேர்த்தது கூட்டுக்குள் போகாமல் வெளியே தனிச் சேர்மமாக நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

மின்பண்பை அளக்க, வில்லையின் இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை தடவினால் அது ஒரு மின்தேக்கி ஆகிவிடும். 12 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள வில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் வெறும் காற்று இருந்தால் தேக்குதிறன் 0.5 பிகோ ஃபாரட். மீட்டர் 10 பிகோ ஃபாரட் காட்டினால் அது காற்றைப் போல 20 மடங்கு, அதாவது மின்காப்பு மாறிலி 20. ஆனால் அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தால் அதே வில்லை 100, 500 என்று காட்ட ஆரம்பிக்கும். 500 என்றால் மாறிலி ஆயிரம். பொருள் மாறவில்லை. அப்படியானால் என்ன நடந்தது?

என் அனுபவத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகும் இடம் இது. உடைந்த ஸ்பீக்கர் வளையத்தின் சொரசொரப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செராமிக் என்பது ஒற்றைப் படிகம் இல்லை. மைக்ரோ மீட்டர் அளவிலான எண்ணற்ற மணிகள் ஒட்டிய கூட்டம். அதிக வெப்பத்தில் சுடும்போது மணிகளிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் கழன்றுவிடும், +2 இரும்பு பிறக்கும். காற்றில் ஆறும்போது ஆக்சிஜன் திரும்பி வரும், ஆனால் அதற்கு எளிய வழி மணிகளின் ஓரங்கள்தான். ஆகவே ஓரங்கள் முழுதாக ஆக்சிஜன் ஏறி மின்காப்பாகிவிடுகின்றன, மணியின் வயிற்றில் கொஞ்சம் +2 இரும்பு தங்கிவிடுகிறது. உள்ளே ஓரளவு கடத்தும் மணி, அதைச் சுற்றிக் கடத்தாத மெல்லிய தோல். 1951-ல் கூப்ஸ் என்பவர் ஃபெரைட்டின் மின்காப்பு நடத்தையை இப்படித்தான் விளக்கினார். அதற்குப் பின்னால் மேக்ஸ்வெல், வாக்னர் இருவரின் பழைய கோட்பாடு இருக்கிறது.

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது என்ன நடக்கும்? சாலையில் நன்றாக வந்த வண்டிகள் கேட்டின் இரண்டு பக்கமும் குவியும். எலக்ட்ரான்களும் மணிக்குள் கைமாறி வந்து தோலில் முட்டிக் குவிகின்றன. குவிந்த மின்சுமை முனைவாக்கமாகத் தெரிகிறது, மாறிலி பெரிதாகிவிடுகிறது. மின்புலம் நொடிக்கு நூறு முறை மட்டும் திசை மாறினால் குவிய நேரம் தாராளமாக இருக்கிறது. நொடிக்குப் பத்து லட்சம் முறை மாறினால் வண்டிகள் கேட்டை அடையும் முன்னே திரும்பச் சொல்லி உத்தரவு வந்துவிடும், குவியலே உருவாகாது. அதனால் அதிர்வெண் கூடக்கூட மாறிலி இறங்கி ஒரு சிறிய எண்ணில் நிலைக்கும். மாறுதிசைக் கடத்துத்திறனோ ஏறும், ஏனென்றால் பக்கத்து இரும்புக்குத் தாவினால் போதும், தோலைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை.

மாறுதிசை மின்சாரத்துக்கு வில்லை காட்டும் மொத்த எதிர்ப்புக்கு இம்பீடன்ஸ் என்று பெயர். பல அதிர்வெண்களில் அதை அளந்து வரைந்தால் வரும் அரைவட்டங்களும் இதே கதைதான். ஒவ்வோர் அரைவட்டமும் பக்க இணைப்பில் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும். தோல் மெல்லியது என்பதால் அதன் தேக்குதிறன் அதிகம், தடையும் அதிகம். அது குறைந்த அதிர்வெண்ணில், வலப்பக்கம் பெரிய அரைவட்டமாக வரும். மணியின் உட்பகுதி இடப்பக்கம் சிறியதாக. வெப்பநிலையை ஏற்றினால் இரண்டும் சுருங்கும். உலோகத்தில் சூடு ஏறினால் தடை கூடும், இங்கே குறைகிறது, காரணம் தாவலுக்குச் சூடு கைகொடுக்கிறது. ஒரு தாவலுக்கான கிளர்வு ஆற்றல் 0.4 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 27 டிகிரியிலிருந்து 127 டிகிரிக்குப் போகும்போது கடத்துத்திறன் கிட்டத்தட்ட 48 மடங்காகும்.

ஆகவே சேர்மானம் இரண்டு இடத்தில் கைவைக்கிறது. கூட்டுக்குள் எந்த இருக்கையில் உட்காருகிறது, எத்தனை +2 இரும்பைப் பிறக்க வைக்கிறது என்பது ஒன்று. சுடும்போது மணிகள் வளரும் வேகத்தையும் அது மாற்றிவிடுகிறது. மணி சிறிதானால் அதே வில்லைக்குள் தோல்கள் அதிகம், கேட்டுகள் அதிகம், தடை கூடும். ஒரு சேர்மானத்தால் தடை ஏறியது என்று எழுதியிருந்தால், அது இருக்கையால் ஏறியதா, மணியின் அளவால் ஏறியதா என்று நுண்ணோக்கிப் படத்தையும் வில்லையின் அடர்த்தியையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பேரியம் ஃபெரைட்டின் எக்ஸ் கதிர் அடர்த்தி, அதாவது துளையே இல்லாவிட்டால் இருக்க வேண்டிய அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.3 கிராம். வில்லையின் அடர்த்தி அதில் 80 சதவீதம்தான் என்றால் மீதி ஐந்தில் ஒரு பங்கு வெற்றுத் துளைகள்.

இந்தத் துளைகளைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் புதுச்சேரியிலும் கடலூரிலும் சுவரே வியர்க்கும். துளை உள்ள வில்லை அந்த ஈரத்தைக் குடிக்கும். அக்டோபர் தொடக்கத்தில் நான் அளந்த வில்லையே நவம்பர் நடுவில் குறைந்த அதிர்வெண்ணில் பல மடங்கு அதிக மாறிலி காட்டியது. ஏதோ புதிய விளைவு கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் வரைபடம் போட்டேன். பிறகு வில்லையை 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஆறவிட்டு அளந்தேன். பழைய எண் திரும்பி வந்தது. மழைக்காலத்தில் இந்த வேலை செய்பவர்கள் வெள்ளிப் பசை தடவிய வில்லையை அந்த டப்பாவிலிருந்து நேரே மீட்டருக்குக் கொண்டு போங்கள், மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.